நேரமில்லாதவர்களின் உடற்பயிற்சி ஏன் பத்தாம் நாள் நின்றுபோகிறது?

கேள்வியின் சுருக்கம்: தாம்பரத்தில் வசிக்கும் 36 வயதுப் பெண். உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. கிண்டியில் அலுவலகம், காலை 7.40க்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 7.30 ஆகிறது. பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை உடற்பயிற்சி தொடங்கி, ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் விட்டுவிட்டார். ஜிம்முக்கு ஓராண்டுக் கட்டணம் கட்டி 11 நாட்கள் சென்றார். "நான் சோம்பேறியா? ஒரு நாளில் அரை மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காத நான் எப்படித் தொடர்வது? டிரெட்மில் வாங்கினால் சரியாகுமா?" என்று கேட்கிறார்.

இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை தொடங்கிய ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு முறையும் எதனால் நின்றது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை சின்னவனுக்குக் காய்ச்சல். இரண்டாம் முறை அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. மூன்றாம் முறை ஊரில் ஒரு திருமணம். நான்காம் முறை பன்னிரண்டு நாட்கள் விடாமல் நடந்த பிறகு எடை இயந்திரத்தில் ஏறி நின்றால் அது அரை கிலோ கூடுதலாகக் காட்டியது. முதல் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: எப்படியும் வந்தே தீரும் மோசமான நாளுக்கு உங்கள் திட்டத்தில் இடம் வைக்கப்படவில்லை. நான்காவது வேறு வகை: பயிற்சியால் தர முடியாத ஒன்றை அதனிடம் கேட்டுவிட்டு, அது தரவில்லை என்று கைவிட்டீர்கள். இயன்முறை சிகிச்சையாளராக இருபது ஆண்டுகளாக நான் பார்த்தவரையில், உண்மையான நேரமின்மையால் நின்ற பயிற்சிகளைவிட இந்த இரண்டால் நின்றவையே அதிகம். நான்காவதிலிருந்து தொடங்குகிறேன், அந்தக் கணக்கு தெளிவாகாமல் மற்றவற்றைச் சரிசெய்தாலும், அடுத்த முறை எடை பார்க்கும்போது மறுபடியும் மனம் உடைந்துவிடும்.

74 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 130 கலோரி செலவாகும். அந்த அரை மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் முப்பத்தைந்து நாற்பது கலோரி செலவாகியிருக்கும் என்பதால், நடந்ததற்காகக் கூடுதலாகக் கிடைத்தது ஏறத்தாழ 90 கலோரிதான். வாரத்தில் ஐந்து நாட்கள் நடந்தால் 450. உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்ற பொதுக் கணக்கை வைத்துக்கொண்டால், சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய நான்கு மாதம் ஆகும். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு நாளில் மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால், சர்க்கரை மட்டுமே 100 முதல் 120 கலோரி. அதாவது அந்த ஆறு கரண்டிச் சர்க்கரையை விடுவது அரை மணி நேர நடையைவிடப் பெரிய வேலை. அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது. நடந்து முடித்த கையோடு கடை வாசலில் ஒரு உளுந்து வடை சாப்பிட்டால் அன்றைய நடையின் கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது.

ஆகவே எடை குறைவது பெரும்பாலும் தட்டில் நடக்கும் காரியம். உணவைப் பற்றி விரிவாக எழுதினால் உங்கள் கேள்வியிலிருந்து விலகிவிடுவேன் என்பதால் மூன்று செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறேன். டீ, காபியில் சர்க்கரையைப் படிப்படியாக விடுங்கள். மதியச் சாப்பாட்டில் சோற்றின் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தைப் பொரியலாலும், பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் போன்ற புரதத்தாலும் நிரப்புங்கள். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து சேரும் பஜ்ஜி, சமோசாவை வாரத்தில் ஒரு நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஐந்து கிலோ, அதாவது உங்கள் எடையில் 7 விழுக்காடு குறைந்தால் அது நல்ல வேகம். அதற்கு மேல் ஆசைப்பட்டு ஒரே மாதத்தில் பட்டினி கிடக்க வேண்டாம்.

அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி நியாயமாக எழும். முதலாவதாக, உணவைக் குறைத்து எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் அந்த இழப்பு குறையும். இரண்டாவதாக, இறங்கிய எடை திரும்ப ஏறாமல் இருக்க உடற்பயிற்சியைப் போல உதவுவது வேறு அதிகம் இல்லை. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். குறைந்தது 13.6 கிலோ எடையைக் குறைத்து, அதை ஓராண்டுக்கு மேல் தக்கவைத்தவர்கள் மட்டுமே அதில் சேர முடியும். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் தவறாமல் உடற்பயிற்சி செய்பவர்கள். மூன்றாவது காரணம் நம் வீட்டுக்கே நெருக்கமானது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். நடையும் உணவு மாற்றமும் அறிவுறுத்தப்பட்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை சொல்லும்படியாகக் குறையவில்லை என்பதுதான். எடை இயந்திரத்தில் முள் அசையாத நாட்களிலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

உங்களுக்கு ஏறிய அந்த அரை கிலோவுக்கும் விளக்கம் இருக்கிறது. புதிதாகப் பயிற்சி தொடங்கும்போது தசைகள் தம்மைச் சரிசெய்துகொள்ளவும் எரிபொருளைச் சேமிக்கவும் நீரைப் பிடித்துவைக்கின்றன. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும், ஊறுகாய், அப்பளம் தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாளும் ஒன்று இரண்டு கிலோ கூடக் குறையக் காட்டுவது இயல்பு. எனவே வாரத்தில் ஒரு நாள், காலையில் காலைக்கடன் முடித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள்; ஒரு வாரத்து எண்ணை அதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடாமல் நான்கு வாரச் சராசரியை அடுத்த நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தையற்கடை இஞ்சி டேப்பால் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீட்டருக்குக் கீழே இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் வரம்பு. என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியை எடை இயந்திரத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு, அளவு சிறுத்துப்போன ஒரு பழைய பட்டு ரவிக்கையை ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் போட்டுப் பார்ப்பார். முதல் மாதம் மேல் கொக்கி மட்டும் மாட்டியது. நான்காம் மாதம் கடைசிக் கொக்கி மாட்டியபோது அவருடைய எடை மூன்றரை கிலோதான் குறைந்திருந்தது.

இனி அந்த மோசமான நாளுக்கு வருவோம். பெரும்பாலோர் திட்டம் போடுவது ஒரு நல்ல நாளில்: ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, மனம் தெளிவாக இருக்கும் வேளையில், "நாளை முதல் காலை 5 மணிக்கு எழுந்து 45 நிமிடம்" என்று முடிவு செய்கிறார்கள். அந்த அளவு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குப் பொருந்தும். செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் மோட்டார் ஓடாமல், பால் பாக்கெட் வராமல், பெரியவளின் வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும் நேரத்துக்குப் பொருந்தாது. 45 நிமிடம் முடியாது என்று ஆனதும் மனம் சுழியத்துக்குப் போய்விடுகிறது. ஐந்து நிமிடம் செய்தால் அது கணக்கில் சேராது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதனால் திட்டத்தின் அடிப்படை அளவை உங்கள் மாதத்திலேயே மிக மோசமான நாளை நினைத்து வகுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்த அந்த இரவிலும் என்ன செய்திருக்க முடியும்? பத்து முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கலாம், சமையல் மேடையைப் பிடித்துப் பத்துத் தண்டால் எடுத்திருக்கலாம். மூன்று நிமிடம். அதுதான் உங்கள் கட்டாய அளவு. அதற்கு மேல் செய்வதெல்லாம் வரவு.

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட பரிந்துரையில், ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் உடற்பயிற்சி கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020இல் வந்த பரிந்துரையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அவற்றோடு வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைக்கான பயிற்சி என்பதே பெரியவர்களுக்கான அளவு. அதை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் நறுக்கிக்கொள்ளலாம். 150 நிமிடத்தை ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 22 நிமிடம்கூட வராது.

அந்த 22 நிமிடம் உங்கள் நாளில் எங்கே கிடக்கிறது என்று தேடுவோம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு எலக்ட்ரிக் ட்ரெயினில் வந்து, நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆட்டோவுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் நடந்து போவதற்கும் உங்களுக்கும் இடையே ஐந்தாறு நிமிடம்தான் வேறுபாடு இருக்கும். மாலை திரும்பும்போது மட்டும் நடந்தால் போதும். காலையில் வியர்த்துக் கொட்டி அலுவலகத்துக்குள் நுழைய வேண்டாம். "பேசிக்கொண்டே நடக்கலாம், ஆனால் பாட முடியாது" என்ற வேகம் இருந்தால் அது மிதமான உழைப்பு. வாரத்தில் ஐந்து மாலைகள், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம் என்றால் 75 நிமிடம் தனியாக நேரம் ஒதுக்காமலே கிடைத்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலக வளாகத்தில் பத்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் மட்டுப்படும். இரண்டு மணிக்கு வரும் தூக்கமும் குறையும்.

மாடிப்படியை மறந்துவிடாதீர்கள். ஒரு வேளைக்கு 60 படி வீதம் நாளில் மூன்று வேளை, வாரத்தில் மூன்று நாட்கள், வேகமாக ஏறிய இளைஞர்களிடம் ஆறு வாரத்தில் மூச்சுத்திறன் ஓரளவு கூடியதைக் கனடாவில் 2019இல் காட்டியிருக்கிறார்கள். படிக்கட்டின் பெருமை பழையது. லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் டபுள் டெக்கர் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் எழுதியபோது, நாள் முழுதும் மாடி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். பின்னர் அவரே சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தபோது, ஓட்டுநர்கள் தொடக்கத்திலிருந்தே சற்றுப் பருமனாக இருந்ததும் தெரியவந்தது. ஆகவே முழுப் புகழும் படிக்கட்டுக்கே என்று சொல்லிவிட முடியாது. அலுவலகம் நான்காம் மாடி என்கிறீர்கள். முதல் வாரம் இரண்டு மாடி நடந்து, மீதிக்கு லிஃப்ட் ஏறுங்கள். முழங்கால் வலி இருந்தால் ஏறுவதற்கு மட்டும் படியைப் பயன்படுத்துங்கள், இறங்குவதற்கு லிஃப்ட். இறங்கும்போதுதான் மூட்டில் சுமை அதிகம்.

தசைப் பயிற்சிக்கு நான் சொல்லும் இடம் சமையலறை. குக்கரை ஏற்றிவிட்டு மூன்று விசில் வரும்வரை நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். முதல் விசில் வரும்வரை மேடைத் தண்டால்: மேடையின் விளிம்பில் இரு கைகளையும் தோள் அகலத்தில் ஊன்றி, கால்களைப் பின்னால் தள்ளி, தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே கோடாக இருக்கும்படி நெஞ்சை மேடைக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளவேண்டும்; இடுப்பு தொய்ந்தால் அந்த முறை கணக்கில் இல்லை. மேடை ஈரமாக இருந்தால் கை வழுக்கும், துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அடுப்புக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொள்ளுங்கள். இரண்டாம் விசில் வரும்வரை நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுதல். மூன்றாம் விசிலுக்கு ஒரு துணிப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு, ஒரு கையால் மேடையைப் பிடித்துச் சற்றுக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புவரை இழுத்து இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இருக்கவேண்டும். பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் மேடைக்குப் பதிலாக, சுவரில் சாய்த்துவைத்த உறுதியான நாற்காலியின் மேல் கை ஊன்றுங்கள். நாற்காலியில் உட்காரும் பயிற்சி சுலபமாகிவிட்டால் அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். இதைத் திங்கள், வியாழன் இரண்டு நாட்கள் மட்டும் முழுதாகச் செய்தால் போதும்.

தோப்புக்கரணம் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், அது காதைப் பிடித்துக்கொண்டு செய்யும் குந்துதல்தான், மூளைக்கு அது செய்வதாகச் சொல்லப்படும் அற்புதங்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 74 கிலோவோடு ஆழமாகக் குந்துவதற்கு முன் இரண்டு மாதம் நாற்காலியில் பழகிக்கொள்வது முழங்காலுக்கு நல்லது.

கைபேசியில் வரும் "நான்கு நிமிடத்தில் தொப்பை கரையும்" வகைக் காணொளிகளில் பாதிக்கு மேல் தபாட்டா என்ற பெயரைச் சொல்கின்றன. ஜப்பானில் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில், 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு என ஏழெட்டுச் சுற்று மிதிவண்டிக் கருவியில் செய்யவைத்தார்கள். பங்கேற்றவர்கள் உடற்கல்வி மாணவர்கள், உழைப்பின் கடுமை உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுக்கு ஈடானதைவிட 70 விழுக்காடு கூடுதல். அளந்ததோ மூச்சுத்திறனை, தொப்பையை அல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் 2016இல் காட்டியது உங்களைப் போன்றவர்களுக்குச் சற்று நெருக்கமானது: உடலுழைப்பு இல்லாத ஆண்கள் வாரத்தில் மூன்று நாட்கள், மூன்று முறை 20 விநாடி முழு வேகத்தில் மிதித்து, இடையில் மெதுவாக மிதித்து, மொத்தம் 10 நிமிடத்தில் முடித்தார்கள், 12 வாரத்தில் அவர்களுடைய மூச்சுத்திறன், 50 நிமிடம் சீராக மிதித்தவர்களுக்கு இணையாகக் கூடியது. ஆகக் குறைந்த நேரத்திலும் பலன் உண்டு என்பது உண்மை. ஆனால் முழு வேகம் என்ற அந்தச் சொல்லை முதல் மூன்று மாதம் நீங்கள் தொட வேண்டாம். அடுத்த நாள் படி இறங்க முடியாமல் போனால் அதுவே ஐந்தாவது முறை நிற்பதற்குக் காரணமாகிவிடும்.

தொடர்ச்சிக்கு மன உறுதியைவிட முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு வாக்கியம் அதிகம் உதவுகிறது. பிரிட்டனில் 248 மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒன்றும் சொல்லப்படாத குழுவில் அந்த வாரம் ஒரு முறையாவது உடற்பயிற்சி செய்தவர்கள் 38 விழுக்காடு. உடற்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி விரிவாகப் படிக்கக் கொடுத்த குழுவில் 35. அதே வாசிப்போடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதச் சொன்ன குழுவில் 91. நன்மைகளைப் படித்து மட்டும் யாரும் எழுந்து ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எழுத வேண்டியது "தினமும் உடற்பயிற்சி செய்வேன்" என்று அல்ல. "குக்கரை அடுப்பில் ஏற்றியதும் மேடையைப் பிடித்துத் தண்டால் எடுப்பேன்", "கிண்டியில் வேலை முடிந்து வெளியே வந்ததும் ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் போகாமல் நேராக நடப்பேன்" என்று. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் புதியதைக் கட்டவேண்டும். குக்கர் உங்கள் வீட்டில் ஒரு நாளும் தவறாது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பி 22ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டவர்கள் பலர். லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக ஆகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின; ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள்வரை விரிந்தது. தண்ணீர் குடிப்பது போன்றவற்றைவிட உடற்பயிற்சிக்கே அதிக நாட்கள் பிடித்தன. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த முடிவு, இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை என்பது. ஆகவே ஒரு நாள் விட்டதற்காக மனம் வருந்த வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு நாட்கள் மட்டும் விடாதீர்கள். சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிக்கும் முன் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்: மூன்று நிமிடம் செய்தாலும் கோடு, முப்பது நிமிடம் செய்தாலும் அதே ஒரு கோடு. கிழித்த தாள்களை மாதக் கடைசிவரை ஒரு கிளிப்பில் சேர்த்துவைத்தால் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கலாம். கைபேசிச் செயலிகள் ஒரு நாள் தவறினால் எண்ணிக்கையைச் சுழியமாக்கிவிடுகின்றன; அந்தக் கொடுமை காலண்டர் தாளுக்கு இல்லை.

நடக்கும்போது மட்டும் கேட்பதற்கென்று ஒன்றை ஒதுக்கிவைப்பதும் பலன் தரும். அமெரிக்காவில் கேத்தி மில்க்மன் 226 பேரிடம் செய்து பார்த்ததில், சுவாரசியமான ஒலிநூலை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தபோது தொடக்கத்தில் வருகை 51 விழுக்காடு கூடியது; பிறகு நன்றியறிதல் நாள் விடுமுறை வந்து எல்லோரும் ஊருக்குப் போய்த் திரும்பியதும் அந்த வேகம் இறங்கிவிட்டது. நமக்குத் தீபாவளியும் பொங்கலும் அதே வேலையைச் செய்யும். விடுமுறைக்குக் கிளம்பும் முன்பே, திரும்பிவந்த மறுநாள் காலை என்ன செய்யப்போகிறோம் என்பதை அந்தக் காலண்டர் தாளில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாலை நடை நடக்காது. அந்த நாட்களுக்கு வீட்டுக் கூடத்தில் பத்து நிமிடம் நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடப்பதை இப்போதே மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் நடையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றுங்கள்.

தூக்கத்திலிருந்து நேரத்தைத் திருட வேண்டாம். நான்கரை மணிக்கு எழுந்துவிடலாம் என்று யோசிக்கிறீர்கள்; இரவு பதினொன்றரைக்குப் படுப்பவர் நான்கரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்தான் தூக்கம். சிகாகோவில் பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். எடை இரண்டிலும் ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் குறைந்த கொழுப்பு முதல் வகையில் 1.4 கிலோ, இரண்டாவதில் 0.6 கிலோ. மீதியில் பெரும்பகுதி தசை முதலான கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போனது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் விடியற்காலை வீரத்துக்கு நான் எதிரி.

நேரமின்மை என்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது உங்கள் கணவரும் படிக்க வேண்டிய பத்தி. 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும் பெண்களில் 81 விழுக்காட்டினர் அந்த வேலையைச் செய்ய, ஆண்களில் 26 விழுக்காட்டினரே கை வைக்கிறார்கள். உங்களுக்கு நேரம் இல்லை என்பது உங்கள் குணக்கோளாறு இல்லை, வீட்டு வேலைப் பங்கீட்டின் விளைவு. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவதும் தண்ணீர் பாட்டில் நிரப்புவதும் இருபது நிமிட வேலை. திங்களும் வியாழனும் அது அவருடையது என்று ஆகிவிட்டால் உங்கள் தசைப் பயிற்சிக்கு மூன்று விசிலை நம்பவேண்டிய அவசியமே இல்லை. "உதவி செய்கிறேன்" என்று அவர் சொன்னால், அது உதவி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் எந்தத் திட்டமும் மூச்சிரைப்பில்தான் முடியும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் ஏதேனும் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஜிம் கட்டணத்தைப் பற்றிய குற்ற உணர்வையும் இறக்கிவைத்துவிடுங்கள். அமெரிக்க உடற்பயிற்சி நிலையங்கள் மூன்றில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்கை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள்: மாதச் சந்தா கட்டியவர்கள் வந்தது மாதத்துக்கு நான்கு முறை சொச்சம், ஒரு வருகைக்கு 10 டாலர் விலையில் அனுமதிச் சீட்டு இருந்தும், அவர்கள் தம்மை அறியாமலே 17 டாலருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பணம் கட்டினால் போய்விடுவோம் என்ற நம்பிக்கையில் ஏமாந்தது நீங்கள் ஒருவர் மட்டுமில்லை.

அதே காரணத்தால்தான் டிரெட்மில் வேண்டாம் என்கிறேன். நான் போய்ப் பார்த்த வீடுகளில் அந்த இயந்திரத்தின் கைப்பிடியில் பெரும்பாலும் ஈரத் துண்டுதான் காய்ந்துகொண்டிருந்தது. தாம்பரத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் அது பிடிக்கும் இடமும் சிறிதில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு நல்ல நடைக் காலணி ஒன்று வாங்குங்கள். கால் லேசாக வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குப் போய், நீங்கள் போடும் காலுறையையே அணிந்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று நின்று பாருங்கள்; கடைக்குள்ளேயே பத்தடி நடந்து குதிகால் நழுவுகிறதா என்றும் பாருங்கள். வாங்கியதை வீட்டு அலமாரியில் வைக்காமல் அலுவலக மேசையின் கீழ் வைத்துவிட்டு, மாலை 6 மணிக்குக் கணினியை அணைத்ததும் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு அதை மாட்டுங்கள்.